கபீர் பாய் ஆடிய வழக்கு

போன மாதம் ஒரு நாள், நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மறைமலை நகர் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. பேசியது நிவேதிதா என்ற பெண். என் பழைய நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாளாம். நாங்கள் 'பர்சனல்' என்று தகர போர்டு மாட்டி வைத்திருந்த அறைக்கு வேறு ஏதோ நீளமான பெயர் வைத்துவிட்டார்கள். சொன்னாள், மறந்துவிட்டேன்.

"சார், பாதுகாப்பு வாரத்துக்கு ஷாப் ஃப்ளோர்லயே ஒரு டான்ஸ் பிளான் பண்ணியிருக்கோம். எல்லா டிபார்ட்மெண்ட்டும் கட்டாயம் ஆடணும்னு சர்க்குலர் போட்டாச்சு. உங்க காலத்துல இந்த மாதிரி ஏதாவது நடந்திருக்கா சார்? ஒரு சின்ன கட்டுரை எழுதித் தந்தீங்கன்னா விழா மலர்ல போடுவோம்."

"நடந்திருக்கும்மா. ஆடினவருக்கு சார்ஜ் ஷீட் கொடுத்தோம்."

அவள் சிரித்தாள். வயதானவர்கள் ஜோக்கடித்தால் இளையவர்கள் சிரிக்கும் மரியாதைச் சிரிப்பு.

"ஜோக்கில்லம்மா. அதை எழுதினதே நான்தான்."

சரி, எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். மலரில் போடுகிறாளோ இல்லையோ, ராஜகீழ்ப்பாக்கத்தில் எனக்கு வேறு வேலையும் இல்லை.

பர்சனல் ஆபீசர் என்றால் என்ன வேலை என்று என் மனைவிக்கே கடைசிவரை விளங்கவில்லை. தொழிலாளிக்கு நாங்கள் முதலாளியின் ஆள். முதலாளிக்கு நாங்கள் தொழிலாளியின் ஆள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது எங்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். பட்டப்படிப்பு, மாலை நேரத்தில் தொழிலாளர் சட்டம், கிண்டியில் ஒரு வார்ப்படப் பட்டறையில் சில வருடம் திட்டு வாங்கியது, இதுதான் என் பயிற்சி. உண்மையில் தொழில் கற்றது டென்சில் சாரிடம்.

டென்சில் சார் எங்கள் பர்சனல் மேனேஜர். தாம்பரம் மேற்கில் பிறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியர். அப்பா ரயில் ஓட்டியவர். கால்சட்டையில் மடிப்பு கலையாது, தலைமுடி கலையாது, ஆனால் தமிழ் மட்டும் கலைந்து கலைந்து வரும். வாக்கியத்துக்கு ஒரு 'மேன்' போடாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். ஆணைத்தான் அப்படிக் கூப்பிடுவார் என்று நினைக்காதீர்கள். பெருக்க வரும் அம்மாவும் மேன்தான்.

அவரிடம் ஒரு வினோதப் பழக்கம். எந்நேரமும் பழைய ஹாலிவுட் பாட்டுப் படங்களின் மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். லீவு கேட்டு வருபவர்கள் கதவருகே நின்று அட்டெண்டரிடம், "பாட்டு கீதா?" என்று கேட்பார்கள். பாட்டு இருந்தால் உள்ளே போவார்கள். இல்லாவிட்டால், லீவே வேண்டாம் என்று திரும்பிவிடுவார்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட நாளில் ஒருவனுக்கும் வேலை போனதில்லை. அவர் அறையில் சத்தம் நின்றுவிட்டால் யூனியன் ஆபீசில் கூட்டம் கூடிவிடும்.

விசாரணை விஷயத்தில் அவர் எனக்குச் சொன்னது இரண்டு. எந்தத் தண்டனை உத்தரவும் ஓர் இரவு டிராயரில் தூங்கி எழுந்த பிறகுதான் வெளியே போக வேண்டும். இரண்டாவது, சான்றுப் பொருள் எதுவாக இருந்தாலும் மேலே, கீழே, உள்ளே, வெளியே என்று முழுக்க வர்ணித்து எழுத வேண்டும். "எக்சிபிட்டுக்கும் முதுகு இருக்கு மேன். அதைத் திருப்பிப் பாரு" என்பார்.

மாதக் கடைசி சனிக்கிழமை, முதல் ஷிஃப்ட் முடிந்ததும், கேன்டீன் ஹாலில் அவர் ஏற்பாட்டில் படம் போடுவோம். எல்லாம் அவருடைய சொந்த சேகரிப்பு. நம் அப்பா அம்மா பிறப்பதற்கு முன்னும் பிறந்த பின்னும் எடுத்த ஆங்கிலப் பாட்டுப் படங்கள். தொழிலாளர்கள் குடும்பத்தோடு வரலாம். பஜ்ஜி, டீ இலவசம். "யூனியன் மீட்டிங்ல கத்தறவன்கூட இந்தப் படம் பார்த்தா வூட்டுக்குச் சிரிச்சுக்கிட்டுப் போவான் மேன்" என்பது அவர் கொள்கை.

முதல் படம் போட்ட நாளை நான் மறக்கவே மாட்டேன். நம் ஆட்களுக்குப் பாட்டு வந்தால் எழுந்து வெளியே போவது ரத்தத்தில் ஊறிய பழக்கம். முதல் பாட்டு வந்ததும் பாதி ஹால் எழுந்து பீடி பிடிக்கப் போய்விட்டது. பிடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அடுத்த பாட்டு. மறுபடி எழுந்தார்கள். மூன்றாவது முறை யூனியன் செயலாளர் தனகோடி என்னிடம் வந்தார். பெருங்களத்தூர்க்காரர், மைக் இல்லாமலே கேட் வரைக்கும் கேட்கும் குரல்.

"இன்னா சார் பேஜாரா கீது? ஒரு மன்சன் எத்தினி பீடிதான் பிடிப்பான்?"

இரண்டு மூன்று மாதத்தில் எல்லாம் தலைகீழானது. ஆங்கில வசனம் யாருக்கும் புரியவில்லை. அதனால் வசனம் வந்தால் எழுந்து போய்விட்டு, பாட்டு ஆரம்பித்ததும் பீடியை மிதித்து அணைத்துவிட்டு உள்ளே ஓடிவர ஆரம்பித்தார்கள். கேன்டீன்காரர் பாட்டுக்குப் போட வைத்திருந்த பஜ்ஜியை வசனத்துக்கு மாற்றிக்கொண்டார்.

படத்துக்கு முன்னால் மைக்கில் கதைச்சுருக்கம் சொல்வது என் பொறுப்பு. ஒரு பையன், ஒரு பெண், நடுவில் சண்டை, நிறைய ஆட்டம், கடைசியில் கல்யாணம் என்பேன். நாலாவது மாதமும் இதையே சொன்னபோது தனகோடி எழுந்துவிட்டார்.

"சார், போன மாசம் சொன்னதையே சொல்றியே?"

"படம் அப்படித்தான் தனகோடி."

"அப்ப நீ இன்னாத்துக்குச் சொல்லிக்கினு கீற? உக்காரு சார், நாங்களே பாத்துக்கறோம்."

கைதட்டலோடு உட்கார்ந்தேன். முடிவு முன்னாலேயே தெரிந்த படத்துக்கு ஏன் இந்த ஜனம் இப்படி அலைகிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை. சொல்லப்போனால் அந்தப் படங்களே எனக்குப் பிடிக்காது. கதாநாயகனுக்கு வேலை போய்விட்டது என்று கடிதம் வரும். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆட ஆரம்பிப்பான். வேலை போனவர்களின் முகத்தை மேஜைக்கு எதிரே பார்த்துப் பழகியவன் நான். ஒருவர்கூட ஆடியதில்லை.

ஹாலில் முன் வரிசையில் நிரந்தர இடம் கபீர் பாய்க்கு. பிரஸ் ஷாப்பில் டை செட்டர். அதாவது, தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கும் அச்சை இயந்திரத்தில் பொருத்துபவர். படப்பையில் வீடு. நல்ல உயரம், கனத்த உடம்பு, பேச்சு மட்டும் சிக்கனம். வருடத்துக்கு ஒரு முறை சிரிப்பார் என்று நண்பர்கள் சொல்வார்கள். எந்த வருடம் என்று யாருக்கும் நினைவில்லை.

எல்லோரும் கதாநாயகியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கதாநாயகனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் டென்சில் சாரிடம் வந்தார்.

"சார், அந்த ஆளு ஷூ அடியில தகடு இருக்கு. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. வெறும் தோலு இந்தச் சத்தம் போடாது."

டென்சில் சாருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! தன் வாலிப வயதில் ரயில்வே காலனி நடனங்களில் தானும் அப்படி ஆடியதாகச் சொல்லி, கேன்டீனுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் சிமெண்ட் மேடையில் ஏறி இரண்டு அடி போட்டும் காட்டினார். கபீர் பாய் கையைக் கட்டிக்கொண்டு, புதிதாக வந்த இயந்திரத்தைப் பார்ப்பதுபோலக் கவனமாகப் பார்த்தார். நான் அதை மறந்துவிட்டேன். பாய் மறக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு மாலை, இரண்டாம் ஷிஃப்ட் டீ இடைவேளை. பிரஸ் ஷாப்பில் ஒரே ஒரு பிரஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஃபோர்மேன் வரதராஜன் அதன் பக்கத்தில் நின்றிருந்தார். நேர்மையான மனிதர், காதாலேயே இயந்திரத்துக்கு வைத்தியம் பார்ப்பவர். திடீரென்று பின்னாலிருந்து டக டக டட்டக் என்று உலோகச் சத்தம். அச்சு விரிசல் விட்டுவிட்டது என்று நினைத்துப் பாய்ந்து போய் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார். ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரு பிரஸ்ஸும் நின்றது. எல்லோரும் ஓடிவந்து பார்த்தால், மூலையில் இரும்புத் தகடு பாவிய தரையில் கபீர் பாய் ஆடிக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஆடியதால் பிரஸ் நின்றதுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஆடியது மட்டும் என்றால் எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிருக்கும். வரதராஜன் அவர் ஷூவைத் தூக்கிப் பார்த்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய தோல் ஷூ. அடியில் முன்பக்கத்தில் காலுக்கொன்றாக இரண்டு அலுமினியத் தகடுகள், அழகாக வெட்டி, திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருந்தன.

"தகடு ஏது பாய்?"

பாய் குனிந்து இரண்டு ஷூவையும் கழற்றினார். கழிவுக் கிடங்கில் அலுமினியத் துண்டுகள் குவிந்து கிடந்த நேரம் அது. வரதராஜன் கண்ணால் கண்டதை அப்படியே எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

குற்றச்சாட்டு எழுத நான் உட்கார்ந்தேன். எங்கள் தொழிற்சாலை விதிப் புத்தகமான நிலையாணையில் தூக்கம் இருக்கிறது, குடி இருக்கிறது, சூதாட்டம் இருக்கிறது. வெறும் ஆட்டம் இல்லை. 'ஒழுங்கீனமான நடத்தை' என்ற தலைப்பில் சேர்த்து, 'தாங்கள் இரு கால்களாலும் மாறி மாறித் தரையைத் தட்டி' என்று எழுதிக்கொண்டு போனேன். டென்சில் சார் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"குதிரைக்குக் குடுக்கற மெமோ மாதிரி இருக்கு மேன். ஆடினார்னு எழுது. அதுல என்ன வெக்கம்?"

இரண்டாவது குற்றச்சாட்டை எழுதியபோது எனக்கே கை ஓடவில்லை. நிறுவனப் பொருளைத் திருடியது. அது நிரூபணமானால் டிஸ்மிஸ்தான். துண்டு சிறிதா பெரிதா என்று நிலையாணை கேட்காது. திருடன் என்று பெயர் வாங்கிய டை செட்டருக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்தத் தொழிற்சாலையும் கதவைத் திறக்காது. நாங்கள் பர்சனல்காரர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டு விசாரித்துக்கொள்ளும் ஜாதி. கபீர் பாய்க்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கல்லூரி, இளையவள் பிளஸ் டூ.

பாய் சஸ்பெண்ட் ஆனார். தலைமை அலுவலகத்திலிருந்து, ஆளை அனுப்பு, படக்காட்சியையும் நிறுத்து என்று வாய்மொழியாக உத்தரவு வந்தது. டென்சில் சார் அறையில் முணுமுணுப்பு நின்றுபோனது. குற்றச்சாட்டுக்கு பாய் கொடுத்த பதில் ஒரே வரி: "ஆடியது உண்மை. திருடவில்லை." தகடு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வார்த்தை இல்லை.

விசாரணை அறிவிப்பை நேரில் கொடுக்க நான் படப்பைக்குப் போனேன். ஒட்டிய உறையைப் பாய் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவர் மனைவி சபுரா, "சாப்பிடாம அனுப்பறதா? அதெல்லாம் எங்க வூட்டுல கெடையாது" என்று என்னை உட்கார வைத்துவிட்டார். வேலையை எடுக்க வந்தவனுக்கு பிரியாணி போடும் குடும்பத்தை அன்றுதான் பார்த்தேன்.

அடுப்பில் பெரிய பிரியாணி தேக்சா. அதன் மேல் மூடிக்குப் பதில் ஒரு தாம்பாளம், தாம்பாளத்தின் மேல் அம்மிக் குழவி. பக்கவாட்டில் ஆவி புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது.

"மூடி இல்லீங்களா?" என்று சும்மாதான் கேட்டேன்.

"அதைக் கேளுங்க சார்! எங்கம்மா கல்யாணத்துக்குக் குடுத்த தேக்சா இது. நல்ல கனமான மூடி. ரெண்டு மாசமா காணோம். இவரு தங்கச்சி ஒருத்தி விருந்துக்கு வந்துட்டுப் போனா, மூடியும் போச்சு. நான் அவகிட்ட பேசறதையே வுட்டுட்டேன்."

பாத்திரங்களைப் பார்த்தேன். குடம், தட்டு, டம்ளர் எல்லாவற்றிலும் நம் வழக்கப்படி புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: கதீஜா பீ. சபுராவின் அம்மா பெயர். திரும்பிப் பாயைப் பார்த்தேன். அவர் மின்விசிறியில் ஏதோ ரிப்பேர் இருப்பதுபோல உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கனமான அலுமினிய மூடி, இரண்டு மாதம், திருகாணி போட்ட இரண்டு தகடு. எனக்குப் புரைக்கேறிவிட்டது.

பஸ் ஸ்டாப் வரை பாய் கூடவே வந்தார்.

"சார், நீங்க ஒண்ணும் பாக்கல."

"பாய், உண்மையைச் சொன்னா வேலை நிக்கும். இல்லன்னா திருடன்னு வெளியே அனுப்புவாங்க. ரெண்டு பொண்ணு இருக்கு உங்களுக்கு."

"வேலை போனா வேற வேலை தேடலாம் சார். மூடியை வெட்டினது நான்தான்னு தெரிஞ்சா நான் எங்க போவேன்? தங்கச்சிதான் எடுத்திருப்பான்னு அவ சொன்னப்ப, நானும் பக்கத்துல நின்னு இருக்கும் இருக்கும்னு தலையாட்டிட்டேன் சார்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நூறு டன் பிரஸ்ஸுக்குள் பயமில்லாமல் கையை விடுகிற ஆள், ஒரு மூடிக்காகப் பிழைப்பையே விடத் தயாராக இருந்தார். அதைவிடக் கொடுமை, விசாரணையில் நிர்வாகத்தின் சார்பில் குற்றச்சாட்டை எடுத்து வைக்க வேண்டியவன் நான். எதிர்க்கட்சிக்குச் சாட்சி தேடித் தரும் வக்கீலை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

மறுநாள் டென்சில் சாரிடம், "சார், அந்தத் தகடு..." என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"என்கிட்ட சொல்லாத மேன். கடைசி உத்தரவு போடறவன் நான். விசாரணையில வராத எதுவும் என் காதுல விழக்கூடாது." பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எக்சிபிட்டோட முதுகைப் பாத்தியா?"

பார்க்கவில்லைதான். ஷூவோடு சேர்த்து அரக்கு வைத்து மூடியிருந்தோம். தகட்டின் உள்பக்கம் ஷூவின் அடியோடு ஒட்டிக் கிடந்தது. அதை யாருமே பார்க்கவில்லை.

விசாரணை டிரெய்னிங் ரூமில் நடந்தது. அதிகாரியாக வெளியிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். குரோம்பேட்டைக்காரர். ஒவ்வொரு வாக்கியத்தையும் மென்று விழுங்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். பாய்க்கு உதவியாகத் தனகோடி. வரதராஜன் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். தனகோடி குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

"ஆடுனது தப்புன்னா, மாசா மாசம் ஆட்டத்தைப் போட்டுக் காட்டுனது யாரு சார்? மேனேஜ்மெண்டு! பஜ்ஜி குடுத்துக் காட்டுச்சு!"

"பஜ்ஜி பதிவில் வேண்டாம்" என்றார் வக்கீல்.

"பஜ்ஜி முக்கியம் சார். எய்திக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள். பிறகு வக்கீல் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். அந்தச் சத்தம் அச்சு உடையும் சத்தம்போல இருக்குமா, இருக்காதா? கேட்டால்தானே தெரியும்? முத்திரையை உடைத்து ஷூவை எடுக்கச் சொன்னார். பிரஸ் ஷாப்பிலிருந்து ஓர் இரும்புத் தகடு வந்தது. கபீர் பாய் ஷூ மாட்டிக்கொண்டு எழுந்தார். இடம் போதவில்லை. வக்கீலே எழுந்து, "நாற்காலிகளைக் கொஞ்சம் ஒதுக்குங்கள்" என்றார்.

எனக்கு அந்த ஆங்கிலப் படம் நினைவுக்கு வந்தது. வேலை போகும் கடிதத்துக்கு முன்னால், நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, ஒரு மனிதர் ஆடப் போகிறார். அதுவும் என் கண்ணெதிரே, நான் எழுதிய குற்றச்சாட்டுக்காக.

முதலில் கால் தயங்கியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். டக் டக், டக டக டட்டக். அந்தக் கனத்த உடம்பு எங்கே போனது என்று தெரியவில்லை. ஆங்கிலப் படத்தில் பார்த்த அடிகளோடு, படப்பை மேளச் சத்தம் ஒன்றும் எங்கிருந்தோ வந்து கலந்தது. உதட்டோரம் ஒரு சிரிப்பு. பக்கத்து ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. பதிவெழுதும் பையன் பேனாவை மேஜையில் வைத்துவிட்டான். மேஜைக்கு அடியிலிருந்து இன்னொரு சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தேன். வரதராஜனின் கால்.

தனகோடிக்கும் கேட்டுவிட்டது. "அய்யா, புகார் கொடுத்தவர் கால் தாளம் போடுது! எய்திக்கோங்க!"

"எழுதுங்கள்" என்றார் வக்கீல். வரதராஜன் முகம் சிவந்து, "அச்சு உடையற சத்தம் இது இல்ல சார். எனக்கு அன்னிக்கு அப்படிக் கேட்டுது. இது... நல்லாவே இருக்கு" என்றார். அந்தப் பக்கத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது.

ஆனாலும் திருட்டுக் குற்றச்சாட்டு அப்படியே நின்றது. நான் எழுந்தேன். "சான்றுப் பொருளை முழுமையாக வர்ணிக்க வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. தகடுகளைக் கழற்றி, உள்பக்கத்தையும் பதிவு செய்ய நிர்வாகம் அனுமதி கோருகிறது."

"வேணாம் சார்!" என்று கபீர் பாய் அலறினார். விசாரணை தொடங்கியதிலிருந்து அவர் உரக்கப் பேசியது அதுதான். "திருட்டுன்னே எழுதிக்கோங்க. கழட்டாதீங்க!"

வக்கீலின் நீண்ட அனுபவத்தில், சான்றைப் பார்க்காதே என்று கெஞ்சிய குற்றவாளி உண்டு. திருட்டை ஒப்புக்கொள்கிறேன், பார்க்காதே என்று கெஞ்சியவர் இல்லை. திருப்புளி வரவழைத்தார். இரண்டு தகடும் மேஜைக்கு வந்தன. தனகோடி அவற்றைத் திருப்பி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடது ஷூவில் 'கதீ'. வலது ஷூவில் 'ஜா பீ'.

"இது இன்னா, கம்பேனி மார்க்கா?" என்று தனகோடி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நம்ம ஸ்க்ராப்புல பேர் வெட்ட மாட்டோம்" என்று முந்திக்கொண்டு சொன்னவர் வரதராஜன்தான்.

கபீர் பாய் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாம் வெளியே வந்தது: மூடி, மாமியார், தங்கச்சி. வக்கீல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் இருமினார்.

திருட்டு நிரூபணமாகவில்லை. இயந்திரம் ஓடும் இடத்தில் ஆடியதற்கு எச்சரிக்கை. அது நியாயம்தான், எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி பிரஸ்ஸில் விழுந்திருந்தால் யார் பதில் சொல்வது? உத்தரவு ஓர் இரவு டிராயரில் தூங்கியது. காலையில் கபீர் பாய் எனக்கு முன்னால் ஆபீசுக்கு வந்து நின்றிருந்தார்.

"சார், உத்தரவு காப்பி ரிஜிஸ்டர் தபால்ல வூட்டுக்கு வரும். என் பொண்ணு சத்தமா படிச்சுக் காட்டுவா. அதுல மூடின்னு ஒரு வார்த்தை வேணாம் சார்."

'தகடுகள் நிறுவனத்துக்குச் சொந்தமானவை அல்ல' என்று மட்டும் மாற்றி எழுதினேன். டென்சில் சார் படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். அவர் தொண்டையிலிருந்து ஒரு மெட்டு மெல்லக் கிளம்பியது. வெளியே அட்டெண்டர், "பாட்டு வந்துடுச்சு!" என்று யாரிடமோ கத்தியது எனக்குக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

தலைமை அலுவலகத்தோடு என்ன பேசினாரோ, அந்த மாதமே படக்காட்சியும் திரும்ப வந்தது. சபுரா, பெண்கள் இரண்டு பேரோடு, ஆட்டோவில் தேக்சாவை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். டென்சில் சாருக்கு பிரியாணி. தேக்சாவின் மேல் மூடி இருந்தது. மூடியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஒட்டு, கச்சிதமாக ஷூ முனை வடிவத்தில், ரிவிட் அடித்து. விசாரணை முடிந்து தகடுகளைத் திரும்ப வாங்கிப்போனவர் செய்த வேலை. கதீஜா பீ மறுபடி ஒன்று சேர்ந்திருந்தார்.

கபீர் பாய் முன்வரிசைக்குப் போனதும் சபுரா என் பக்கம் வந்தார்.

"மூடி கெடைச்சுடுச்சு போலிருக்கே?" என்றேன், முகத்தை வெகு அப்பாவியாக வைத்துக்கொண்டு.

"பரண்ல இருந்துதாம் சார். எலி கடிச்சிருந்துதாம். ஒட்டு போட்டுக் குடுத்தாரு."

"எலியா?"

"ஆமா சார். ஷூ போட்ட எலி."

நான் திருதிருவென்று விழித்தேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"காணாமப் போன ரெண்டாம் நாளே, வெட்டின மூடியைப் பழைய கோரைப்பாய்க்குள்ள சுத்தி வெச்சிருந்ததைப் பாத்துட்டேன். அவரே வாயைத் தொறக்கட்டும்னு இருந்தேன். நீங்க வந்தன்னிக்கு மூடிக் கதையை எடுத்ததே அவரு மூஞ்சி போற போக்கைப் பாக்கத்தான். ஆனா திருட்டுன்னு எழுதியிருந்தது எனக்குத் தெரியாது சார். ஆடினதுக்கு சஸ்பெண்டுன்னு மட்டும்தான் சொன்னாரு. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே மூடியைத் தலையில தூக்கிக்கினு வந்து நின்னிருப்பேன்."

"உங்க அம்மா குடுத்த மூடியாச்சே. கோபம் வரலியா?"

சபுரா திரைப் பக்கம் திரும்பினார். விளக்கை அணைத்திருந்தார்கள், திரையில் வெளிச்சம் வந்திருந்தது.

"துணி துவைக்கிற கல்லு மேல ஏறி ஆடுவாரு சார், நாங்க யாரும் இல்லன்னு நெனச்சுக்கினு. ஜன்னல்ல இருந்து பாப்பேன். என்னை அவருக்குக் கட்டிக் குடுத்து இத்தனை வருஷத்துல, அந்த மன்சன் தானா சிரிச்சு நான் பாத்தது அப்பதான். மூடி கெடக்குது சார்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, முடிவு தெரிந்த படத்துக்கு ஜனம் ஏன் ஓடி வருகிறது என்று. முடிவுக்காக வருவதில்லை. நாற்காலிகளை ஒதுக்குகிற அந்த ஒரு நிமிடத்துக்காக வருகிறார்கள். அன்றைக்கு நானும் வசனத்தில் எழுந்து போய், பாட்டுக்கு உள்ளே ஓடிவந்தேன்.

"அப்ப உங்க நாத்தனார் பாவம்தானே?" என்று கேட்டேன். "அவங்ககிட்ட ஏன் பேசாம இருந்தீங்க?"

"அவகிட்ட பேசாம இருக்கறதுக்கு எனக்கும் ஒரு காரணம் வேணும்ல சார்?"

இவ்வளவையும் எழுதி, நிவேதிதாவிடம் போனில் படித்தும் காட்டினேன். அவள் குதித்தாள். கபீர் பாயைத்தான் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட வேண்டுமாம், அவர் ஒரே ஒரு அடி போட்டுத் தொடங்கி வைக்க வேண்டுமாம், அழைப்பு முறையாக என் வழியாகப் போக வேண்டுமாம். பாயும் ஓய்வுபெற்று வருடங்கள் ஆகின்றன. முழங்கால் இரண்டும் போய்விட்டது. இருந்தாலும் நேற்று படப்பைக்குப் போன் போட்டேன். சபுராதான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். பின்னால், "யாரு? என்னவாம்?" என்று பாயின் குரல் கேட்டது. கம்பெனியில் ஆடக் கூப்பிடுகிறார்கள் என்று சபுரா திரும்பிச் சொன்னார். பிறகு ஏதோ நாற்காலி நகரும் சத்தம்.

சபுரா போனுக்குத் திரும்பி வந்தார்.

"வருவாரு சார். ஆனா மூடியை மட்டும் தரமாட்டேன்னு சொல்லிடுங்க."